புது போன்: வெளியீட்டு வாரத்திலா, நாலு மாதம் கழித்தா, இருப்பதையே ஓட்டுவதா?

ஜனவரி, பிப்ரவரியில் சாம்சங்கின் எஸ் வரிசை வரும்போதும் செப்டம்பரில் ஐபோன் வரும்போதும் என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். “ப்ரீ-புக் பண்ணினால் ஸ்டோரேஜ் இரட்டிப்பாகக் கிடைக்குமாம், பண்ணிடலாமா?” “புதுசு வந்ததும் பழைய மாடல் விலை இறங்குமாமே, அதுவரை பொறுக்கலாமா?” “என் போனுக்கு மூணு வருஷம் ஆச்சு, சாயங்காலத்துக்குள்ள சார்ஜ் இறங்கிடுது. மாத்துற நேரம் வந்துடுச்சா?”

கேட்பவர்களில் பெரும்பாலானோர் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். 80,000 ரூபாய் என்பது அவர்கள் வீட்டில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தோடு போட்டி போடும் தொகை. அப்படிப்பட்ட தொகையைப் பற்றி, “முதல் 48 மணி நேரம் மட்டும்” என்று ஓடும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முடிவெடுக்க வைக்கிறார்கள். ஒரு போனின் விலை உச்சத்தில் இருப்பது வெளியீட்டு வாரத்தில். அதன் குணம் வெளியே மிகக் குறைவாகத் தெரிந்திருப்பதும் அதே வாரத்தில்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நம் முன் உள்ள ஐந்து வழிகளையும் பார்க்கலாம்: உடனே வாங்குவது, நாலைந்து மாதம் கழித்து வாங்குவது, போன வருடத்து மாடல், பழைய போன், பாட்டரி மாற்றி இருப்பதையே ஓட்டுவது.

## எதை வைத்து அளப்பது

மேடையில் சொல்லப்படும் அளவுகோல்களை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். 200 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக எடுக்கும் படம் 12 மெகாபிக்சல் சொச்சம்தான். பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் அது படம் பிடிக்கிறது. “16 ஜிபி ராம் வரை” என்று அட்டையில் இருந்தால், பல பட்ஜெட் போன்களில் அதில் பாதி ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய மெய்நிகர் ராம். இவற்றை வைத்து இரண்டு போன்களில் எது நல்லது என்று சொல்லவே முடியாது. நான் பார்ப்பது நான்கு.

ஆண்டுக்கு என்ன செலவு. வாங்கிய விலை, அதோடு வந்த உபரிச் செலவு, கடைசியில் விற்றால் கிடைப்பது. முதல் இரண்டையும் கூட்டி, மூன்றாவதைக் கழித்து, வைத்திருக்கும் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 80,000 ரூபாய் போனை இரண்டு வருடம் கழித்து 25,000க்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் வருடத்துக்கு 27,500. அதையே ஐந்து வருடம் வைத்திருந்து, நடுவில் 5,000 ரூபாய்க்கு ஒரு பாட்டரி மாற்றி, கடைசியில் ஒரு ரூபாய்கூடத் தேறாமல் போனாலும் வருடத்துக்கு 17,000தான்.

பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும். நம் போன் இன்று வங்கிக் கணக்கின் சாவி. யுபிஐ, ஓடிபி, ஆதார் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அப்டேட் நின்ற போன் நன்றாக ஓடினாலும் அதில் பணம் புழங்குவது ஆபத்து.

இன்று வேலை செய்வது எது, நாளை வரும் என்று சொல்லப்படுவது எது. வெளியீட்டு ஆரவாரத்தில் பாதி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

கீழே விழுந்தால் என்ன ஆகும். டிஸ்பிளே விலை என்ன, உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, உதிரிபாகம் வர எத்தனை நாள் ஆகும். வாங்குவதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து டிஸ்பிளே விலையைக் கேளுங்கள். போனின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

## வழி 1: வெளியீட்டு வாரத்திலேயே வாங்குவது

இந்த வாரத்தில் வாங்குகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்பதை 5ஜி கதை தெளிவாகக் காட்டும். இந்தியாவில் 5ஜி போன்கள் 2020 தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. அந்த வருடம் அக்டோபரில் வந்த ஐபோன் 12-இன் முதல் விளம்பரமே 5ஜிதான். இங்கே அதன் தொடக்க விலை 79,900. ஆனால் நாட்டில் 5ஜி சேவை தொடங்கியது 2022 அக்டோபர் 1 அன்று. சென்னை முதல் சில நகரங்களில் ஒன்றாக இருந்தும், ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு அந்த வருடம் டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 16.2 அப்டேட்டுக்குப் பிறகுதான் சிக்னல் கிடைத்தது. வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல், பெட்டியின் மேல் அச்சடித்திருந்த முதல் அம்சம் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பாட்டரி தேய்ந்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் விலையும் இறங்கிவிட்டது. அன்று வந்த மலிவு விலை 5ஜி போன்கள் சில இன்னும் மோசம். ஒன்றிரண்டு அலைவரிசைகளை மட்டுமே பிடிக்கும்படி அவற்றைச் செய்திருந்தார்கள்.

2024-இலும் இதேதான் நடந்தது. ஐபோன் 16 முழுக்க முழுக்க ‘ஆப்பிள் இன்டலிஜென்ஸ்’ என்ற செயற்கை நுண்ணறிவு (ஏஐ) வசதியின் பெயரைச் சொல்லியே விற்கப்பட்டது. செப்டம்பரில் போன் கைக்கு வந்தபோது அந்த வசதி அதில் இல்லை. முதல் பகுதி அக்டோபர் கடைசியில் அப்டேட்டாக வந்தது. நம் சொந்தத் தகவல்களைப் புரிந்துகொண்டு வேலை செய்யும் புதிய சிரி (ஐபோனின் குரல் உதவியாளர்), மேடையிலும் விளம்பரத்திலும் காட்டப்பட்ட அந்த முக்கியமான அம்சம், தள்ளிப்போவதாக 2025 மார்ச்சில் நிறுவனமே அறிவித்தது. அதை நம்பி வாங்கியவர்கள் வாங்கியது ஒரு வாக்குறுதியை.

முதல் வாரத்தில் வரும் வீடியோ விமர்சனங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகச் செய்கிறவர்கள் தமிழிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் அந்தப் போன் சில நாட்கள்தான் இருந்திருக்கும். பெரும்பாலும் நிறுவனமே கொடுத்த போன். எந்த நாள், எந்த மணிக்கு வீடியோ வெளிவரலாம் என்பதையும் நிறுவனமே சொல்லியிருக்கும். ஒரு வருடம் கழித்துப் பாட்டரி எப்படி இருக்கும், சித்திரை வெயிலில் கேமரா சூடாகி நிற்குமா, அப்டேட்டுக்குப் பிறகு திரையில் பச்சைக் கோடு விழுமா என்பதெல்லாம் யாருக்கும் அப்போது தெரிந்திருக்க வழியில்லை. இலவசமாகப் பெற்றதையும் காசு வாங்கியதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வீடியோவின் கீழே அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சில சமயம் தெரியாமல் இருப்பது வெறும் ஏமாற்றத்தோடு முடிவதில்லை. 2016 ஆகஸ்டில் வெளியான சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7, அந்த வருடத்தின் சிறந்த போன் என்று முதல் வாரத்தில் புகழப்பட்டது. பாட்டரி தீப்பிடித்ததால் செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டது. மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்ததால் அக்டோபர் 11 அன்று உற்பத்தியே நின்றுபோனது. இங்கே விற்பனைத் தேதி பின்னால் இருந்ததால்தான் நம் ஊர்க்காரர்கள் தப்பினார்கள்.

மறைமுகச் செலவுகளையும் சேர்க்க வேண்டும். 2020 அக்டோபரில் ஆப்பிளும், அடுத்த ஜனவரியில் சாம்சங்கின் எஸ்21-ம் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டன. புது மாடலுக்கு நல்ல கவரும் டெம்பர் கிளாஸும் முதல் மாதத்தில் விலை கூடுதல். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றால் வட்டியே இல்லை என்று அர்த்தமில்லை. வட்டிக்குச் சமமான தொகையை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள், வங்கி அந்த வட்டியை வசூலிக்கிறது, வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உங்கள் தலையில் விழுகிறது. வட்டி 16 விழுக்காடு என்று வைத்தால், 80,000 ரூபாயை 12 தவணையில் கட்டும்போது அந்த ஜிஎஸ்டி மட்டும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். பிராசஸிங் கட்டணம் தனி. சுழியம் விழுக்காடு வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தச் சொல் இன்றும் வேறு பெயரில் கடை வாசலில் தொங்குகிறது.

இந்த வழி சரியாக வரும் சூழல் உண்டு. இப்போதுள்ள போன் முற்றிலும் செத்துவிட்டது, வாங்கப்போவதை ஐந்தாறு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், ப்ரீ-புக் சலுகையில் அடுத்த ஸ்டோரேஜும் எக்ஸ்சேஞ்ச் போனஸும் சேர்ந்து நிஜமாகவே பத்துப் பதினைந்தாயிரம் குறைகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் எக்ஸ்சேஞ்ச் விலையை டெலிவரி ஆள் வாசலில் சரிபார்க்கும் வரை நம்பாதீர்கள். ஒரு கீறலுக்காக அங்கேயே குறைத்துவிடுவார்கள்.

## வழி 2: அதே போன், நாலைந்து மாதம் கழித்து

பெரும்பாலோருக்கு நான் சொல்லும் வழி இதுதான். ஜனவரியில் வரும் ஆண்ட்ராய்டு போன் ஆடி, ஆவணிக்குள் கணிசமாக விலை இறங்கும். செப்டம்பர், அக்டோபரில் ஆன்லைன் பண்டிகை விற்பனையில் இன்னும் இறங்கும். அதற்குள் இரண்டு மூன்று அப்டேட்கள் வந்து முதல் மாதக் கோளாறுகள் சரியாகியிருக்கும். சரியாகாதவை எவை என்பது வாங்கியவர்கள் வாயிலாக வெளியே வந்திருக்கும். கவர், கிளாஸ் எல்லாம் தெருமுனைக் கடையில் கிடைக்கும்.

ஐபோனுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் வேறு. நடுவில் அதன் விலை மெதுவாகத்தான் இறங்கும். பெரிய இறக்கம் அடுத்த மாடல் வரும் நாளில். எனவே ஜூலை, ஆகஸ்டில் ஐபோன் வாங்குவதுதான் மிக மோசமான நேரம். ஒரு மாதம் பொறுத்தால் பத்தாயிரம் மிச்சமாகும்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. நிறுவனம் வாக்களிக்கும் அப்டேட் வருடங்கள் போன் வெளியான தேதியிலிருந்து ஓடுகின்றன, நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. ஏழு வருட வாக்குறுதியில் ஆறு மாதம் போனால் பாதகமில்லை. மூன்று வருடம் மட்டுமே அப்டேட் தரும் பட்ஜெட் போனில் அது ஆறில் ஒரு பங்கு. பண்டிகை விற்பனையில் பெரிய தள்ளுபடி பெரும்பாலும் குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டுக்குத்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## வழி 3: போன வருடத்து உயர் மாடல்

ஐபோன் 15 இங்கே 2023 செப்டம்பரில் 79,900 ரூபாய்க்கு வந்தது. அடுத்த செப்டம்பரில் ஐபோன் 16 அதே 79,900க்கு வந்தபோது 15-இன் அதிகாரபூர்வ விலை 69,900 ஆனது. 14-க்கும் முந்தைய வருடம் இதேதான் நடந்தது. ஆக, ஒரு வருடக் காத்திருப்பின் கூலி கடையின் அறிவிப்புப் பலகையிலேயே பத்தாயிரம்.

ஆனால் இந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க முடியாது என்று எனக்குக் கற்றுத்தந்தது சாம்சங்கின் எஸ்23, எஸ்24 ஜோடி. 2024 ஜனவரியில் எஸ்24 வந்தபோது மேடை முழுக்க ‘கேலக்ஸி ஏஐ’ பேச்சுதான்: அழைப்பின் நடுவே மொழிபெயர்ப்பு, திரையில் வட்டம் போட்டுத் தேடுவது, படத்தில் ஆளை நகர்த்துவது. அதற்காக எஸ்24 வாங்கியவர்கள் ஏராளம். மார்ச் மாதக் கடைசியில் அந்த வசதிகளில் பெரும்பகுதி எஸ்23-க்கும் இலவச அப்டேட்டாக வந்துவிட்டது. இன்னொன்று: இந்தியாவில் விற்ற எஸ்24-க்குள் இருந்தது சாம்சங்கின் சொந்த எக்ஸினோஸ் சிப், அமெரிக்காவில் குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன். அமெரிக்க விமர்சனங்களைப் பார்த்து இங்கே வாங்கியவர் கையில் கிடைத்தது வேறு சிப் உள்ள போன். எஸ்23-இலோ எல்லா நாட்டிலும் ஸ்னாப்டிராகன்.

இதோடு நிறுத்தினால் போன வருடத்துப் போனே வென்றது என்று தோன்றும். எஸ்24-இல் நிஜமான முன்னேற்றம் வேறு இடத்தில் இருந்தது. அதற்கு ஏழு வருட அப்டேட் என்றார்கள்; எஸ்23-க்கு நாலு ஆண்ட்ராய்டு பதிப்பு, ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட். 2024-இல் எஸ்23 வாங்கியவருக்கு 2028 வரை காப்பு, எஸ்24 வாங்கியவருக்கு 2031 வரை. ஏஐ என்று ஓங்கிச் சொன்னது இரண்டு மாதத்தில் இரண்டு போனுக்கும் பொதுவாகிவிட்டது. அவ்வளவு உரக்கச் சொல்லாத மூன்று வருடமே கடைசிவரை நிற்கும் வித்தியாசம். மூன்று வருடத்தில் போன் மாற்றுகிறவருக்கு அன்று எஸ்23 சரியான தேர்வு. ஆறு வருடம் ஓட்டுகிறவருக்கு எஸ்24.

அதனால் புது மாடல் வரும்போது நான் முதலில் தேடுவது அப்டேட் வாக்குறுதி நீண்டிருக்கிறதா என்பதைத்தான். கூகுளின் பிக்சல் 8, 2023 அக்டோபரில் ஏழு வருடம் என்று அறிவித்தபோதும் அதற்கு முந்தைய பிக்சலுக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. அப்படி ஒரு மாற்றம் நடக்கும் வருடத்தில் புதியதும், நடக்காத வருடத்தில் பழையதும் மேல்.

## வழி 4: ரீஃபர்பிஷ்டு, செகண்ட் ஹாண்ட்

ரீஃபர்பிஷ்டு என்றால் பழைய போனைச் சரிபார்த்துப் புதுப்பித்து விற்பது. விலை பாதியாகும், பொறுப்பு முழுக்க உங்களுடையது. செய்ய வேண்டியவை குறைவு, ஆனால் ஒன்றையும் விடக்கூடாது. *#06# அடித்து, ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தடை செய்யப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். பில்லில் உள்ள ஐஎம்இஐயும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். பழைய ஐகிளவுட், கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும். தவணையில் வாங்கிய போனில் கடன் நிறுவனத்தின் பூட்டு ஆப் இருக்கலாம். அப்படி இருந்து, தவணை முடியாமல் விற்றிருந்தால் போன் ஒரு நாள் பூட்டிக்கொள்ளலாம். வெள்ளைத் திரை வைத்துக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை திறந்த போனில் ஐபி68 நீர்க்காப்பு இருக்கிறது என்று நம்ப வேண்டாம்.

ஆறு மாதமாவது எழுத்துபூர்வ வாரண்டி, இன்னும் மூன்று வருட அப்டேட், உடனே ஒரு பாட்டரி மாற்றும் காசு. இந்த மூன்றும் இருந்தால் இது நல்ல வழி. முதல் போன் வாங்கும் கல்லூரி மாணவருக்கு, 20,000 ரூபாயில் புதிதாகக் கிடைக்கும் போனைவிடப் பலசமயம் இது நன்றாக உழைக்கும்.

## வழி 5: பாட்டரி மாற்றி இருப்பதையே ஓட்டுவது

இந்த வழிக்கு விளம்பரம் கிடையாது. விளம்பரம் செய்து லாபம் பார்க்க யாரும் இல்லை. ஆனால் இது எவ்வளவு வலுவான போட்டி என்பதற்கு 2019-இல் ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக்கே சாட்சி.

பாட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் குறைக்கிறது என்பதை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையில் தேய்ந்திருந்தது பாட்டரி மட்டும்தான். எதிர்ப்பைத் தணிக்க, பாட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராக ஒரு வருடத்துக்குக் குறைத்தார்கள். 2019 ஜனவரி 2 அன்று டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்த்த வருமானம் வராது என்று சொல்லி அடுக்கிய காரணங்களில், குறைந்த விலையில் பாட்டரி மாற்றிக்கொண்டவர்கள் புது போன் வாங்கவில்லை என்பதும் ஒன்று. புதிய பாட்டரி புதிய போனுக்கு மாற்றாகும் என்பதற்கு இதைவிட நம்பகமான சான்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் சார்ஜ் இறங்குகிறது என்று கேட்ட அந்த வாசகருக்கு என் பதில்: முதலில் செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். கடந்த மூன்று மாதத்துக்குள் இருந்தால் சர்வீஸ் சென்டரில் பாட்டரி மாற்றுங்கள். தேதி ஒரு வருடத்துக்கு முந்தியது என்றால் பாட்டரிக்குக் காசு போடாதீர்கள். சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கால் விலைக்கு மாற்றித் தருவார்கள்தான். கைதேர்ந்த ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் வரும் பாட்டரி கம்பெனியுடையதா, நகலா என்பது கடைக்குக் கடை மாறும். பாட்டரி விஷயத்தில் மட்டும் நான் அந்தச் சிக்கனத்தைச் செய்வதில்லை. திரையும் உடைந்து, சார்ஜிங் போர்ட்டும் ஆடினால் இந்த வழி முடிந்தது.

## ஒரே பார்வையில்

| | ஆண்டுச் செலவு | அப்டேட் காலம் | நம்பகம் | யாருக்கு |
|---|---|---|---|---|
| வெளியீட்டு வாரம் | மிக அதிகம் | முழுசாக | தெரியாது | போன் செத்துவிட்டவர், 5 வருடத்துக்கு மேல் வைத்திருப்பவர் |
| நாலைந்து மாதம் கழித்து | நடுத்தரம் | ஏறக்குறைய முழுசாக | தெரிந்திருக்கும் | பெரும்பாலோர் |
| போன வருடத்து மாடல் | நடுத்தரத்துக்குக் கீழ் | ஒரு வருடம் குறைவு, சிலசமயம் மூன்று | நன்கு தெரிந்தது | 3 வருடத்தில் மாற்றுபவர் |
| ரீஃபர்பிஷ்டு | குறைவு | பார்த்து வாங்க வேண்டும் | உங்கள் சோதனையைப் பொறுத்தது | மாணவர், பட்ஜெட் இறுக்கமானவர் |
| பாட்டரி மாற்றம் | மிகக் குறைவு | மீதி உள்ளது மட்டும் | உங்களுக்கே தெரியும் | அப்டேட் இன்னும் வருகிறவர் |

## பழைய போன் யாருக்குப் போகிறது

புது போன் வாங்க நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்களில் ஒன்று, “இதை அம்மாவுக்குக் கொடுத்துடலாம்” என்பது. செலவில் பாதி நியாயமாகிவிட்டது போலத் தோன்றும். நான் மிகவும் கவலைப்படுவது இங்கேதான். அப்டேட் நின்று இரண்டு வருடமான போன், வீட்டிலேயே மோசடி அழைப்புகளுக்கு அதிகம் இலக்காகும் ஆள் கைக்குப் போகிறது. ஓய்வூதியம் வரும் கணக்கு அதில் இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது போனில் திருட்டு ஆப்பை நிறுவும் கோப்பை, அழுத்திவிடக்கூடியவரும் அவர்தான்.

போனைக் கைமாற்றும் முன் அப்டேட் தேதியைப் பார்த்து, இன்னும் இரண்டு வருடமாவது வரும் என்றால் மட்டும் பாட்டரியை மாற்றி, முழுவதும் அழித்து, தெரியாத ஆப்களை நிறுவும் அனுமதியை மூடிக் கொடுங்கள். வராது என்றால் நீங்கள் உங்களிடம் இருக்கும் போனையே இன்னும் ஒரு வருடம் ஓட்டிவிட்டு, நீண்ட அப்டேட் உள்ள புதிய நடுத்தர விலை போன் ஒன்றை அம்மாவுக்கு வாங்குங்கள். 80,000 ரூபாயில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூட ஆகும். அந்த வருடத்தில் உங்கள் வீட்டில் போனுக்குச் செலவழிக்கும் காசில் அதுவே அதிகம் பயன்படும்.